வல்லெட்டா: ஒரே குன்று, மூன்று முற்றுகைகள்

மால்டாவின் தலைநகர் வல்லெட்டா. நகர வாயிலில் நுழைந்து நேர்த்தெருவைப் பிடித்து நடந்தால் கால்மணி நேரத்தில் மறுமுனையில் கடல் வந்துவிடும். நீளம் ஒரு கிலோமீட்டர் அளவு. அகலம் அதில் பாதிக்குச் சற்று மேல். 1980இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, வெறும் 55 ஹெக்டேருக்குள் 320 நினைவுச்சின்னங்கள் நெருக்கியடித்து நிற்பதைக் குறிப்பிட்டது. இன்று இங்கே குடியிருப்பவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைவிடச் சிறிய தலைநகரம் இல்லை. மால்டாக்காரர்களின் பேச்சில் வல்லெட்டா என்ற பெயரே அதிகம் வருவதில்லை. ‘இல் பெல்த்’ என்பார்கள். பட்டணம் என்று பொருள்.

1942ஆம் ஆண்டின் முதல் பாதியில், உலகிலேயே மிகக் கடுமையாகக் குண்டுவீச்சுக்கு ஆளான இடங்களில் இந்தப் பட்டணமும் இதன் துறைமுகமும் அடங்கும். இவ்வளவு சிறிய இடத்தில் ஏன் அத்தனை குண்டுகள் விழுந்தன, அத்தனை விழுந்த பிறகும் ஊர் ஏன் பணியவில்லை என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மக்களின் வீரம் என்பது வழக்கமான பதில். அந்த வீரம் உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் வீரம் காட்டுகிற மனிதனுக்கு ஒதுங்க ஓர் இடமும் உண்ண ஒரு வாய்ச் சோறும் வேண்டும். ஒதுங்க இடம் தந்தது ஊரின் அடியில் கிடந்த மென்மையான கல். சோறு போட அந்தக் கல்லால் முடியாது. வல்லெட்டாவின் போர் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஓடுகிறது என்பது என் கணிப்பு.

குன்று

மால்டாவின் வடகிழக்குக் கரையில் கடலுக்குள் நாக்குப்போல நீண்ட ஒரு குன்று உண்டு. பெயர் ஷிபெர்ராஸ். அதன் தென்கிழக்கே பெரிய துறைமுகம். வடமேற்கே மார்சம்ஷெத் துறைமுகம். இரண்டுமே ஒரு காலத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்குகள். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது ஓடைகள் அறுத்த பள்ளங்களுக்குள், பின்னாளில் கடல் ஏறி நிறைந்தது. அதனால்தான் கரையை ஒட்டியே ஆழம் அதிகம். பெரிய கப்பல்களும் உள்ளே வந்து நிற்க முடியும். பெரிய துறைமுகத்தின் எதிர்க்கரையிலும் இதேபோல் விரல்விரலாக நிலம் நீளும். பிர்கு, செங்லெயா, போர்ம்லா என்ற மூன்று ஊர்கள் அங்கே இருக்கின்றன. கப்பல் பழுதுபார்க்கும் தளங்களும் அங்கேதான்.

குன்றின் உடம்பு குளோபிஜெரினா என்ற சுண்ணக்கல்லால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து இறுகிய கல் அது. தேன் நிறம். புதிதாக வெட்டும்போது மரத்தை அறுப்பதுபோல் அறுக்கலாம். காற்று பட்ட பிறகு மேற்பரப்பு இறுகிக்கொள்ளும். தீவில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஆண்டு மழை 550 மில்லிமீட்டர் அளவு. அதுவும் பெரும்பாலும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே பெய்துவிடும். மண் மெல்லியது, விளைச்சல் சொற்பம். தன் மக்களுக்குத் தானே உணவளிக்க மால்டாவால் முடிந்ததில்லை. தானியம் கப்பலில்தான் வர வேண்டும்.

இனித் தீவின் இருப்பிடம். வடக்கே சிசிலி நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில். தெற்கே லிபியா முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேற்கே ஜிப்ரால்டருக்கும் கிழக்கே அலெக்சாந்திரியாவுக்கும் ஏறத்தாழ நடுவில். மத்தியதரைக் கடலைக் குறுக்கே கடப்பவரும் நெடுக்கே கடப்பவரும் இந்தத் தீவின் அருகே போயாக வேண்டும். இதைக் கையில் வைத்திருப்பவர் இரண்டு வழிகளையும் மறிக்கலாம். ஊர் சிறியதாக இருந்தும் அதன்மீது வல்லரசுகளின் கண் விழுந்த காரணம் இதுதான்.

1565: ஊர் பிறப்பதற்கு முன்

முதல் முற்றுகையின்போது வல்லெட்டா என்ற ஊரே இல்லை. மால்டாவை ஆண்ட புனித யோவான் மாவீரர் சபை என்ற கத்தோலிக்கத் துறவிப் போர்வீரர் அமைப்பு பிர்குவில் இருந்தது. ஷிபெர்ராஸ் குன்று வெறும் பாறை; அதன் முனையில் புனித எல்மோ கோட்டை மட்டும். 1565 மே மாதம் ஒட்டோமான் துருக்கியரின் படை வந்து இறங்கியது. எல்மோ கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஜூன் 23 அன்று வீழ்ந்தது. அதன்பின் துருக்கியர் குன்றின் உச்சியில் பீரங்கிகளை நிறுத்தி, எதிர்க்கரையிலிருந்த பிர்குவையும் செங்லெயாவையும் மேலிருந்து அடித்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் சிசிலியிலிருந்து உதவிப்படை வந்ததால் முற்றுகை உடைந்தது.

சபையின் பெருந்தலைவர் ழான் டி வலெத் இதில் படித்த பாடம் தெளிவானது. குன்று யார் கையில் இருக்கிறதோ, துறைமுகம் அவர் கையில். 1566 மார்ச் 28 அன்று அந்தக் குன்றின்மேல் புதிய ஊருக்கு அடிக்கல் நாட்டினார்; ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது. போப் அனுப்பிய பொறியாளர் பிரான்செஸ்கோ லப்பரெல்லி திட்டம் வரைந்தார். அவருக்குப் பின் மால்டாவைச் சேர்ந்த ஜெரோலமோ கசார் பணியைத் தொடர்ந்தார். 1571இல் சபை பிர்குவை விட்டு இங்கே குடிபெயர்ந்தது.

குன்றின் முதுகைச் செதுக்கிச் சமமாக்கிவிட்டு ஊரைக் கட்டுவதுதான் முதலில் போட்ட திட்டம். துருக்கியர் திரும்பி வந்துவிடுவார்கள் என்ற அச்சமும் பணத் தட்டுப்பாடும் சேர்ந்து அதைப் பாதியில் நிறுத்தின. சதுரங்கக் கட்டம்போல் நேர்த்தெருக்களை வரைந்தவர்கள், அந்தக் கட்டத்தை மேடுபள்ளமான குன்றின்மேல் அப்படியே போர்த்திவிட்டார்கள். அதனால்தான் வல்லெட்டாவின் குறுக்குத் தெருக்கள் பல இன்றும் படிக்கட்டுகளாகவே கடலை நோக்கி இறங்குகின்றன. மார்சம்ஷெத் பக்கம் போர்ப்படகுகளை நிறுத்த ஒரு குடாவைத் தோண்டத் தொடங்கி, அதையும் முடிக்கவில்லை. மந்தராஜ்ஜோ என்ற அந்தப் பள்ளத்தில் ஏழைகள் குடியேறினார்கள். ஊரின் மிக நெருக்கமான சேரியாக அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கிடந்தது.

மதில்களையும் கொத்தளங்களையும் நிலப்பக்கம் பாறையில் வெட்டிய பேரகழியையும் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது ஒரு கட்டட விதி. புதிய ஊரில் வீடு கட்டுகிறவர், மழைநீரைச் சேமிக்க வீட்டின் அடியில் பாறையைக் குடைந்து ஒரு தொட்டி அமைத்தாக வேண்டும். கழிவுநீரும் தெருவுக்கு வராமல் அடியிலேயே போக வேண்டும். தொட்டிக்காகத் தோண்டி எடுத்த கல்லே சுவருக்குப் பயன்பட்டது. அதாவது மேலே எவ்வளவு வீடு எழும்பியதோ, அதற்கு ஏற்ற வெற்றிடம் கீழே உருவானது. 1615இல் தீவின் உட்பகுதியிலிருந்து விக்னகோர்ட் கால்வாய் வழியாக நல்ல தண்ணீர் வந்து சேர்ந்த பிறகும் தொட்டிகளை யாரும் தூர்த்துவிடவில்லை. முற்றுகையில் தாகத்தால் சாகக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி அது. முந்நூற்று எழுபது ஆண்டுகள் கழித்து, விதியை எழுதியவர்கள் கனவிலும் காணாத ஒரு பயனை அது தந்தது.

1798: மதில் நின்றது, வயிறு நிற்கவில்லை

நெப்போலியன் 1798 ஜூனில் மால்டாவைப் பெரிய எதிர்ப்பின்றிப் பிடித்தார். சில மாதங்களில், தேவாலயச் சொத்துகளை ஏலம் விட்டதில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். செப்டம்பர் 2 அன்று கிளர்ச்சி வெடித்தது. பிரெஞ்சுப் படை தளபதி வொபுவாவின் தலைமையில் வல்லெட்டாவுக்குள் போய் வாயிலை அடைத்துக்கொண்டது. நிலப்பக்கம் மால்டா விவசாயிகளின் படை. கடல்பக்கம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள்.

1799 ஜனவரியில், உள்ளிருந்தே கோட்டையைத் திறந்துவிடச் சிலர் செய்த சதி வெளிப்பட்டது. அதற்காகப் பாதிரியார் மிக்கேல் ஷெர்ரியும் உடனிருந்தவர்களும் அரண்மனைச் சதுக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சதுக்கத்துக்கு நாம் திரும்பி வருவோம்.

மதிலை யாரும் உடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1800 செப்டம்பரில், பிரெஞ்சுக்காரர்களே சரணடைந்தார்கள். உள்ளே தின்ன எதுவும் மிச்சமில்லை. ஐரோப்பாவின் தலைசிறந்த கோட்டைகளில் ஒன்றைச் சண்டையே இல்லாமல் பசி வாங்கிக் கொடுத்தது. 1942 வருகிறபோது இந்த நிகழ்வை மனதில் வைத்திருக்க வேண்டும்.

1940 முதல் 1942 வரை

இத்தாலி 1940 ஜூன் 10 அன்று, அப்போது மால்டாவை ஆண்ட பிரிட்டன்மீது போர் அறிவித்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்பே சிசிலியிலிருந்து விமானங்கள் வந்துவிட்டன. அந்த முதல் தாக்குதலிலேயே புனித எல்மோ கோட்டையில் மால்டா பீரங்கிப் படையைச் சேர்ந்த ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் பதினாறு வயதுச் சிறுவன். 1565இல் முதல் அடி விழுந்த அதே முனையில்தான் இப்போதும் முதல் அடி விழுந்தது. துறைமுக வாயிலைக் காக்கிற முனை அது, வேறெங்கே விழும்?

மக்கள் கையில் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு உட்பகுதிக் கிராமங்களுக்கு நடந்தார்கள். அப்போது வல்லெட்டாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வசித்தார்கள். ஊருக்குள் பாறையில் குடைந்த பொதுப் பதுங்கிடங்கள் அந்த நேரத்தில் போதவே போதாது. சிசிலியிலிருந்து சில நிமிடப் பறக்கும் தொலைவில் இருக்கிற ஒரு தீவை ஆண்டவர்கள், குந்தாலியால் வெட்டக்கூடிய கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டே, போர் தொடங்கும்வரை போதிய பதுங்கிடம் வெட்டவில்லை. இதை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை.

வெட்டத் தொடங்கிய பிறகு வேகம் பிடித்தது. ஊரை அடியிலிருந்தே அறிந்த, கல் வெட்டும் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1931இல் மூடப்பட்ட ரயில் பாதையின் சுரங்கவழி இருந்தது. அதில் நூற்றுக்கணக்கானோர் குடியேறினார்கள். கோட்டை மதிலின் அடிப்பாகங்கள், பழைய நிலவறைகள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாமே ஆளுக்கு இடமாயின. பக்கத்து வீட்டுத் தொட்டிக்கும் தன் வீட்டு நிலவறைக்கும் இடையிலிருந்த பாறையை உடைத்து வழி செய்துகொண்டவர்கள் பலர்.

அப்படி ஒரு பதுங்கிடத்துக்குள் இறங்கிப் பார்ப்போம். தெருவிலிருந்து செங்குத்தான படிகள் கீழே போகின்றன. இடையில் ஒரு வளைவு. வெடிப்பின் காற்றழுத்தம் நேராக உள்ளே பாயாமலிருக்க அந்தத் திருப்பம். கீழே எதிரெதிரே வருகிற இருவர் தோள் உரசித்தான் கடக்க முடியும் என்ற அகலத்தில் ஒரு நடை. சுவர் முழுக்கச் சாய்வாகக் குந்தாலித் தடங்கள். அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வீச்சும் தனித்தனியே தெரியும். வெட்டியவர் எந்தப் பக்கம் நின்றார் என்றுகூட ஊகிக்கலாம். நடையின் இருபுறமும் சிற்றறைகள். அனுமதி பெற்று, கட்டணம் செலுத்தி, ஒரு குடும்பம் தனக்கென ஓர் அறை குடைந்துகொள்ளலாம். அப்படிக் குடைந்தவர்களில் சிலர் தரைக்கு வண்ண ஓடு பதித்தார்கள். சுவரில் மாடம் வெட்டிப் புனிதர் சிலை வைத்தார்கள். பிள்ளைப்பேற்றுக்கென ஓர் அறையும் பல இடங்களில் இருந்தது. கல் எப்போதும் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். மண்ணெண்ணெய் விளக்கின் புகை, வியர்வை, ஈரத் துணியின் வாடை. சொறி சிரங்கும் காசநோயும் பரவின. சொகுசு என்று அங்கே எதுவும் இல்லை. ஆனால் மேலே பெரிய குண்டு விழுந்தாலும் கூரை தாங்கியது.

கல் இன்னொரு வகையிலும் காத்தது. வீடுகளின் சுவர் கல். தளமும் பெரும்பாலும் கற்பலகை. லண்டனிலும் ஹம்பர்க்கிலும் தெருத்தெருவாகப் பரவியதுபோன்ற பெருந்தீ வல்லெட்டாவில் பரவவில்லை. எரிகுண்டுகளால் அங்கே அதிகம் சாதிக்க முடியவில்லை. வீடுகள் இடிந்தன, குறுகிய தெருக்களை இடிபாடு அடைத்தது, வெள்ளைத் தூசு நாள்கணக்கில் அடங்காமல் நின்றது. இடிந்தவற்றிலிருந்து பொறுக்கிய மரத்துண்டுகள் பின்னாளில் விறகாயின.

1941 ஜனவரி 10 அன்று, படுகாயமடைந்த விமானந்தாங்கிக் கப்பல் இல்லஸ்ட்ரியஸ் பெரிய துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. அதைத் தேடி ஜெர்மன் விமானங்கள் வந்தன. கப்பல் தப்பித்துப் போனது. அது நின்ற இடத்தைச் சூழ்ந்த செங்லெயா நொறுங்கியது. எதிர்க்கரை மூன்று ஊர்களின் இழப்பு வல்லெட்டாவின் இழப்பைவிடப் பெரியது. ஒரே துறைமுகத்தின் இரு கரைகள் என்பதால் ஒன்றின் கதையை மற்றதை விட்டுச் சொல்ல முடியாது.

அதே ஆண்டு ஜூலை 26, விடியலுக்கு முன். இத்தாலியக் கடற்படையின் சிறப்புப் பிரிவினர், வெடிமருந்து நிரப்பிய விசைப்படகுகளோடும், ஆள் ஏறிச் செலுத்தும் நீர்மூழ்கிக் குண்டுகளோடும் துறைமுக வாயிலைத் தாக்கினார்கள். எல்மோ முனைக்கும் அலைதடுப்புச் சுவருக்கும் இடையே இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. அதன் கீழே தொங்கிய வலையை உடைத்து உள்ளே புகுவது திட்டம். வெடிப்பில் பாலத்தின் ஒரு கண் சரிந்து, புக நினைத்த வழியையே அடைத்துவிட்டது. கரையிலிருந்த மால்டா பீரங்கிப் படையினர் ஒளிக்கற்றைகளைப் பாய்ச்சி, மிச்சப் படகுகளைச் சில நிமிடங்களில் சுட்டு முடித்தார்கள். அந்த நீர்மூழ்கிக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான தெசியோ தெசெய் அன்றே அங்கே இறந்தார். கடல்வழியாக ஊரைத் தொட முயன்ற தாக்குதல் அது ஒன்றுதான். குன்றும் குறுகிய வாயிலும், வலெத் கணக்குப் போட்டபடியே, அதைத் தடுத்துவிட்டன.

வானத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மார்சம்ஷெத் பக்கம் மனோயெல் தீவிலிருந்த பழைய தொற்றுநோய் மருத்துவமனையைத் தளமாக்கி, பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் வட ஆப்பிரிக்காவிலிருந்த ஜெர்மன் தளபதி ரொம்மலின் படைக்குப் போன சரக்குக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. மால்டாவை அடக்காமல் ஆப்பிரிக்கப் போர் நடக்காது என்ற நிலை ஜெர்மனிக்கு வந்தது. 1942 ஜனவரி தொடங்கி 154 நாள்கள் இடைவிடாத குண்டுவீச்சு. ஏப்ரலில் மட்டும் தீவின்மீது ஆறாயிரம் டன்னுக்கும் மேல். பகல் முழுவதும் நீர்மூழ்கிகளைத் துறைமுகத்தின் அடியில் மூழ்கடித்து வைத்திருந்து, இரவில் மேலே கொண்டுவந்து பழுதுபார்த்தார்கள். அதுவும் முடியாமல் போய், மாத இறுதியில் அவை அலெக்சாந்திரியாவுக்கு விலகின.

ஊருக்குள் என்ன நடந்தது? பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. முதன்மைத் தெருவிலிருந்த ரீஜன்ட் திரையரங்கின்மேல் குண்டு விழுந்தது. படம் பார்த்துக்கொண்டிருந்த படைவீரர்களும் பொதுமக்களும் பலர் இறந்தார்கள். ஏப்ரல் 7 அன்று நகர வாயிலை அடுத்திருந்த அரச இசைநாடக அரங்கு தகர்ந்தது. தூண்களும் அடிமேடையும் மட்டும் மிஞ்சின. மாவீரர் சபையின் பிரெஞ்சுப் பிரிவு தங்கிய மாளிகையும் ஓவர்ன் பிரிவின் மாளிகையும் அழிந்தன. இத்தனைக்கும் நடுவில், மேபல் ஸ்ட்ரிக்லண்ட் ஆசிரியராக இருந்த டைம்ஸ் ஆஃப் மால்டா நாளிதழ், வல்லெட்டாவிலேயே அச்சாகி, போர்க்காலம் முழுவதும் ஒருநாள் இதழ்கூடத் தவறாமல் வெளிவந்தது. எழுத்தை நம்பிப் பிழைக்கிற எவருக்கும் இதைப் படிக்கும்போது நெஞ்சு நிமிரும்.

ஏப்ரல் 15 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு முழுமைக்கும் வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவை விருதை அறிவித்தார். அதனால் அடுப்பு எரியவில்லை.

துறைமுகத்தில் கிடந்த அரிசி, கோதுமை, எண்ணெய்

1942 மார்ச்சில் நடந்த ஒன்றுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. அலெக்சாந்திரியாவிலிருந்து நான்கு சரக்குக் கப்பல்கள் புறப்பட்டன. ஒன்று கடலில் மூழ்கியது. ஒன்று சேதமடைந்து, வேறொரு விரிகுடாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அங்கே மூழ்கியது. தலபோட், பம்பஸ் என்ற இரண்டும் மார்ச் 23 அன்று பெரிய துறைமுகத்துக்குள் வந்துவிட்டன. மதில்களின்மேல் மக்கள் திரண்டு ஆரவாரித்தார்கள். ஆபத்தான பாதி முடிந்துவிட்டது; மிச்சம் இறக்குகிற வேலைதான்.

அந்த வேலை ஆமை வேகத்தில் நடந்தது. இரவில் இறக்கப் போதிய ஏற்பாடு இல்லை. படகுகள் போதவில்லை. படைவீரர்களைப் பெருமளவில் இறக்குப் பணியில் ஈடுபடுத்தவில்லை. துறைமுகத்தைப் புகையால் மூடி மறைக்கவும் வழி செய்யவில்லை. மார்ச் 26 அன்று விமானங்கள் இரண்டு கப்பல்களையும் நின்ற இடத்திலேயே அடித்தன. வெடிமருந்தோடு எரிந்த தலபோட்டை, அது வெடித்தால் துறைமுகமே போய்விடும் என்று, தாங்களே மூழ்கடித்தார்கள். நான்கு கப்பல்களிலும் புறப்பட்ட இருபத்தாறாயிரம் டன் சரக்கில் கரையேறியது சுமார் ஐயாயிரம் டன். பசித்திருந்த ஊரின் கண்ணெதிரே, கைக்கெட்டும் தொலைவில், தண்ணீருக்குள் போனது அவ்வளவும். துறைமுகம் குறுகியது, கப்பல்களைச் சிதறி நிறுத்த இடமில்லை என்பது உண்மை. ஆனாலும் இந்த இழப்பை நான் புவியியலின் கணக்கில் எழுத மாட்டேன். இது நிர்வாகத்தின் தோல்வி.

மே மாதம் ஆளுநர் டோபிக்குப் பதிலாக லார்ட் கோர்ட் வந்தார். ரொட்டி ஆளுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு கிராம் அளவுக்குக் குறைக்கப்பட்டது. ரொட்டியையே முதன்மை உணவாகக் கொண்ட, துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஓர் உழைப்பாளிக்கு அது ஒரு வேளைக்கே போதாது. மால்டா வீடுகளில் சமையல் மண்ணெண்ணெய் அடுப்பில்தான். மண்ணெண்ணெய் தீர்ந்தபோது, இருக்கிற கொஞ்சப் பொருளையும் சமைக்க வழியில்லை. அதற்காகப் பொதுச் சமையற்கூடங்கள் வந்தன. வெற்றிச் சமையலறைகள் என்று பெயர். சீட்டைக் காட்டி, பாத்திரத்தை நீட்டி, நாளுக்கு ஒருமுறை சூடான உணவு வாங்கலாம். பால் தந்த ஆடுகளையும் இறைச்சிக்காக அறுத்தார்கள். எரிபொருள் இல்லாமல் நீரேற்று இயந்திரங்கள் தடுமாறியபோது, வீட்டடித் தொட்டிகளின் மழைநீர் மறுபடியும் வாளிக்கு வந்தது.

அரசிடம் ரகசியமாக ஒரு தேதி இருந்தது. கையிருப்பு முடிந்து சரணடைய வேண்டிய நாள் எது என்ற கணக்கு அது. ஜூனில் இரு திசைகளிலிருந்தும் அனுப்பிய பதினேழு சரக்குக் கப்பல்களில் இரண்டுதான் வந்து சேர்ந்தன. ஆகஸ்டில் அந்தத் தேதிக்குச் சில வாரங்களே மிச்சம். 1800இல் வொபுவா நின்ற அதே விளிம்பில் கோர்ட் நின்றார்.

ஆகஸ்டில் ஜிப்ரால்டர் பக்கமிருந்து பெடஸ்டல் என்ற பெயரில் பதினான்கு சரக்குக் கப்பல்கள், பெரும் கடற்படைக் காவலோடு வந்தன. ஒன்பது மூழ்கின. காவலுக்கு வந்த ஈகிள் என்ற விமானந்தாங்கியும் இரண்டு குரூசர்களும் ஒரு டிஸ்ட்ராயரும் போயின. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்து கப்பல்கள் வந்து சேர்ந்தன. கடைசியாக வந்தது ஓஹாயோ.

அமெரிக்காவில் கட்டிய எண்ணெய்க் கப்பல் அது, மாலுமிகள் பிரிட்டிஷார், தலைவர் டட்லி மேசன். பத்தாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட எரியெண்ணெயும் மண்ணெண்ணெயும் அதன் வயிற்றில். நீரடிக் குண்டு ஒன்று பக்கவாட்டைப் பிளந்திருந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்கள் அதன்மேலேயே வந்து விழுந்திருந்தன. இயந்திரம் செத்துவிட்டது. முதுகு முறிந்து, மேல்தளம் நீர்மட்டத்தைத் தொடுமளவு தாழ்ந்துவிட்டது. பென் என்ற டிஸ்ட்ராயரை ஒரு பக்கமும் பிராம்ஹம் என்ற டிஸ்ட்ராயரை மறுபக்கமும் கட்டி, நடக்க முடியாதவரை இருவர் தோள்கொடுத்துத் தாங்கி வருவதுபோல், ஆகஸ்ட் 15 காலை எல்மோ முனையைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தார்கள். அன்று மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். கொத்தளங்களிலும் மேல் பரக்கா தோட்டத்திலும் கருங்கூட்டமாய் மக்கள். மேளவாத்தியம் முழங்கியது. கப்பல் துறையில் எண்ணெயை இறக்க இறக்க அது மெல்லத் தரைதட்டி அமர்ந்துகொண்டது. மால்டாக்காரர்கள் இன்றும் அந்தக் கப்பல் வரிசையைப் போர்த்திட்டத்தின் பெயரால் சொல்வதில்லை. சாந்தா மரியா கப்பல்கள் என்றே சொல்கிறார்கள்.

மார்ச்சின் பாடத்தை இம்முறை கற்றிருந்தார்கள். துறைமுகத்தைப் புகை மூடியது. படைவீரர்கள் முறைவைத்து இரவும் பகலும் இறக்கினார்கள். லாரிகள் போகவேண்டிய பாதைகள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தன. சில நாள்களில் சரக்கு முழுவதும் தீவெங்கும் பிரித்துச் சேர்க்கப்பட்டது. பட்டினி முடியவில்லை, ஆனால் அந்தத் தேதி தள்ளிப்போனது. நவம்பரில் அடுத்த கப்பல் வரிசை பத்திரமாக வந்தபோதுதான் முற்றுகை உண்மையில் தீர்ந்தது.

1800க்கும் 1942க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நேராகப் பார்க்கலாம். குன்று அதே, மதில் அதே, துறைமுக வாயில் அதே. பிரெஞ்சுக்காரர்களுக்கு வெளிக்கடலும் மூடியிருந்தது, சொந்த ஊர் மக்களும் எதிரிகள். 1942இல் கடல் முழுதாக மூடவில்லை. ஊர் மக்கள் உள்ளேயும் அடியிலும் தாங்கி நின்றார்கள். ஓஹாயோ வராமல் போயிருந்தால், கல்லால் ஊரைக் காப்பாற்றியிருக்க முடியாது. மூன்று வாரமோ நான்கு வாரமோ கழித்து, மதில் உடையாமலே மீண்டும் ஒரு சரண் நடந்திருக்கும்.

சதுக்கத்தில்

1942 செப்டம்பர் 13 அன்று ஜார்ஜ் சிலுவை வழங்கும் விழா. பாதிரியார் ஷெர்ரி சுட்டுக் கொல்லப்பட்ட அதே அரண்மனைச் சதுக்கம். சுற்றிலும் இடிந்த கட்டடங்கள். விழாவுக்காக இடிபாடுகளை ஓரமாக ஒதுக்கி இடம் செய்திருந்தார்கள். கோர்ட் பதக்கத்தைத் தீவின் தலைமை நீதிபதியிடம் மக்கள் சார்பாகக் கொடுத்தார். இன்று அந்தச் சிலுவை மால்டாவின் தேசியக் கொடியில் இருக்கிறது. பதக்கம் எல்மோ கோட்டையிலுள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு ஊரின் நிலை தலைகீழானது. மேல் பரக்கா தோட்டத்தின் அடியில் பாறைக்குள் குடைந்த லஸ்காரிஸ் போர் அறைகளில் இருந்து, 1943 ஜூலையில் சிசிலிப் படையெடுப்பை நேச நாடுகளின் தளபதி ஐசன்ஹோவர் இயக்கினார். செப்டம்பர் 29 அன்று பெரிய துறைமுகத்தில் நின்ற நெல்சன் போர்க்கப்பலில் இத்தாலியப் பிரதமர் பதோல்யோ சரண் உடன்படிக்கையின் முழு நிபந்தனைகளில் கையெழுத்திட்டார். முதல் குண்டை அனுப்பிய நாடு, குண்டு விழுந்த துறைமுகத்துக்கே வந்து கையெழுத்திட்டது.

போருக்குப் பின் மந்தராஜ்ஜோ சேரி இடிக்கப்பட்டு அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. கிராமங்களுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களின் பிள்ளைகளும் பின்னாளில் வெளியேறினார்கள். இருபதாயிரத்தைத் தாண்டியிருந்த ஊர் கால்பங்காகச் சுருங்கியது. குண்டுகளால் ஆகாதது அமைதிக்காலத்தில் ஆனது. இசைநாடக அரங்கின் தூண்கள் பல பத்தாண்டுகள் வெறுமையாக நின்றன. 2013இல் ரென்சோ பியானோவின் வடிவமைப்பில் அந்த இடிபாட்டுக்குள்ளேயே திறந்தவெளி அரங்கு வந்தது. 1941இல் சரிந்த எல்மோ பாலத்தின் இடத்தில் புதிய பாலம் 2012இல் பொருத்தப்பட்டது.

முதன்மைத் தெருவில் காசா ரோக்கா பிக்கோலா என்ற பதினாறாம் நூற்றாண்டு வீடு பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. வீட்டின் அடியில் மணிவடிவில் குடைந்த ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து எடுத்த கல்தான் மேலே சுவராக நிற்கிறது. போரில் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அதற்குப் படி வெட்டி, அக்கம்பக்கத்தாரும் வந்து தங்கும் பதுங்கிடமாக்கினார்கள். உள்ளே இறங்கினால் சுவரில் இரண்டு வகைத் தடங்கள்: தொட்டி வெட்டியவர்களுடையது ஒன்று, பதுங்கிடம் வெட்டியவர்களுடையது இன்னொன்று.